சும்மா இருக்க முடியாத இடம்

மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில் வடமலாபுரம் என்றொரு சிற்றூர். 1918-இல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஊரில் டாக்டர் கிடையாது. அவர் சிறுவனாக இருந்தபோதே நெருங்கிய சொந்தத்தில் மூன்று பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, பேறுகாலத்தில் இறந்துபோனார்கள். பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. டாக்டருக்குப் படிப்பது, அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டராவது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அப்போதுதான் முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் முறுக்கிக்கொண்டு கோணலாகிவிட்டிருந்தன. 1948-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். இந்தக் கைகளால் பிரசவம் பார்க்க முடியாது என்பது உறுதியானபோது அவருக்கு வயது 30.

‘பேஷன் எதுவோ அதையே வேலையாக்கிக்கொள்’ என்று இன்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் வெங்கடசாமியின் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆசைப்பட்ட வேலை கண்ணெதிரே பறிபோய்விட்டது. கண் மருத்துவம் அவருடைய பால்யக் கனவில் எந்த மூலையிலும் இருந்ததில்லை. ஆனாலும் மறுபடி கல்லூரிக்குப் போய் அதைப் படித்தார். கோணல் விரல்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்படி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். 1956-இல் மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைமையேற்றார். முகாம் முகாமாகப் போய், ஒரே நாளில் நூறு பேருக்குக் கண்புரை அகற்றும் அளவுக்கு அந்தக் கைகள் தேறின. ஆயுளில் அவர் தம் கையால் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பிரசவம் போனது, கண் வந்தது. ஆனால் வைத்தியம் எட்டாத ஊரில் மனிதர்கள் வீணாக அழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்ற தவிப்பு அப்படியே இருந்தது. வேலை தேடுகிறவர் தமக்குள் தேட வேண்டியது இந்தத் தவிப்பைத்தான்.

நம் வீடுகளில் இந்தத் தேடலுக்கு நேரம் ஒதுக்கப்படுவதே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் கவுன்சிலிங், கவுன்சிலிங்கில் எந்தப் பிரிவு கிடைத்ததோ அதுவே படிப்பு, நான்காம் ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர். ‘பிள்ளை செட்டில் ஆயிட்டான்’ என்று சொந்தபந்தத்துக்கு போன் போகிறது. உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற பழமொழி பெண்களுக்கும் இப்போது சேர்த்தே சொல்லப்படுகிறது. அதுவரை ஒரு கேள்வியும் எழாது. ஏழெட்டு வருடம் கழித்து, பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரிலோ ஒரு வாடகை அறையில், ஞாயிற்றுக்கிழமை இரவு சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது நெஞ்சைப் பிசைகிறது: நாளைக்கு எதற்காகப் போக வேண்டும்?

அப்போது பலரும் எடுப்பது பிடித்தவற்றின் பட்டியல். பாட்டு பிடிக்கும், சமையல் பிடிக்கும், பயணம் பிடிக்கும், நாய்க்குட்டி பிடிக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் பிடித்தது நாளைக்கு மாறும். பிடித்ததையே சம்பளத்துக்குச் செய்யத் தொடங்கினால் ஆறு மாதத்தில் கசக்கவும் கூடும். எதைக் கண்டால் வயிறு எரிகிறது, எந்த வேலை அரைகுறையாக நடந்தால் தூக்கம் வரவில்லை, எந்தப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை என்று கேட்டுப்பார்த்தால் வேறொரு பட்டியல் கிடைக்கும். அது சின்னதாக இருக்கும். பல வருடத்துக்கு மாறாமலும் இருக்கும்.

இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வாருடைய வயிற்றெரிச்சல் அப்படிப்பட்டது. வேளாண்மையில் பட்டம் பெற்று, 1963-இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படித்த படிப்புக்கேற்ற வேலை, அதுவும் சர்க்கார் வேலை. அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்று கொண்டாடிய காலம். அங்கே மானாவாரி நிலத்தில் வீரிய விதையும் ரசாயன உரமும் போட்டுச் சோதனைகள் நடந்தன. வேலிக்கு வெளியே இருந்த மானாவாரி விவசாயிக்கோ அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அப்படியானால் இந்த ஆராய்ச்சி யாருக்கு? ஆறு வருடம் பொறுத்துப் பார்த்து, 1969-இல் வேலையை விட்டுவிட்டுக் களக்காட்டுப் பக்கம் விவசாயிகளோடு வேலை செய்யப் போய்விட்டார். மண்ணின் மேலும் பயிரின் மேலும் இருந்த ஆசைக்கு அந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே வேண்டிய அளவு தீனி இருந்தது. அவரை வெளியே தள்ளியது ஆசையைவிட ஆழத்தில் கிடந்த ஒன்று.

எல்லோராலும் இப்படிக் கிளம்ப முடியாது. கல்விக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது, அப்பாவின் மருந்துச் செலவு இருக்கிறது. இவற்றைத் தடை என்று சொல்வதே தவறு. குடும்பத்தைத் தாங்குவதும் ஒரு மனிதர் உயர்வாக மதிக்கிற விஷயம்தான், அதற்குரிய இடத்தை அதற்குக் கொடுத்தாக வேண்டும். வெங்கடசாமியே திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர். வேலையை உதறினால்தான் அர்த்தம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அவருடைய அப்பா சங்கீத வித்வான். பிள்ளையும் பாட வேண்டும் என்று விரும்பினார். பிள்ளைக்கும் சங்கீதம் பிடித்திருந்தது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே பாடம் நடந்தது. ஆனால் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் சங்கீதத்தை நிறுத்திவிட்டார். இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் பிழைக்கலாம், சமஸ்கிருதம் படித்தால் மறுமைக்கு ஆகும், தமிழால் என்ன ஆகும் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதும் அசையவில்லை. பிடித்த இரண்டில் எதை விட்டால் தம்மால் இருக்க முடியாது என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் தமிழாசிரியரானார். உத்தியோகம் கிடைத்தாயிற்று, பிடித்த தமிழும் கையில் இருக்கிறது. இன்றைய கணக்கில் அவர் அத்தோடு செட்டில்.

அதே ஆண்டு அக்டோபரில் ஊருக்கு வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று சாமிநாதையர் அடுக்கினார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்விதான் வந்தது. அதன் ஏட்டைக்கூட சாமிநாதையர் பார்த்ததில்லை. வேறொருவராக இருந்தால் அவமானப்பட்டு அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டார். இவர் மறுபடி போனார், அந்த நூலின் பிரதியை வாங்கிவந்தார், புரியாமல் திணறினார். கும்பகோணத்திலிருந்த சமணர்களைத் தேடிப்போய் அவர்கள் சமய நெறியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. இவ்வளவும் வகுப்பு நடத்திக்கொண்டே நடந்தது. விடுமுறை விட்டால் ஏடு தேடி ஊர் ஊராகப் பயணம், இல்லையென்றால் புரூஃப் திருத்தச் சென்னை. கல்லூரி வேலையை அவர் விடவே இல்லை. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை பாடம் நடத்தினார். வீட்டில் உலை கொதிப்பதற்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளுக்கும் அவர் வேண்டியிருந்தார்.

இப்படி ஒரு கேள்வியால் குத்தக்கூடிய ஒருவர் கிடைப்பது பெரிய பாக்கியம். தனியாக உட்கார்ந்து யோசித்தால் மட்டும் எல்லாம் தெளிந்துவிடுவதில்லை.

வெங்கடசாமி 1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் பென்ஷன், ஊரில் நல்ல பெயர், மூன்று ஆண்டுக்கு முன் வந்த பத்மஸ்ரீ. கோணல் விரல்களுக்கு ஓய்வு கொடுக்க அதைவிட நல்ல சமயம் வராது. அவரோ அந்த ஆண்டே மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போனது. தங்கையும் தங்கை கணவரும் கண் மருத்துவர்கள். அவர்களும் கூடவே உழைத்தார்கள். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்தார், முடியாதவருக்கு இலவசம். வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் அதையும் மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2006-இல் அவர் காலமானார்.

அந்த மருத்துவமனைக்குள் இன்று நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, ஒரு கிராமத்துப் பெண்ணை. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வருகிற இந்தப் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறார்கள். பார்வையைச் சோதிப்பதும், அறுவை சிகிச்சை மேசைக்கு அழைத்துப் போவதும், கட்டுப் பிரித்தபின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் பாட்டிகள் ‘தாயீ’ என்று கூப்பிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.