தாத்தா நடந்த துலா

பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டை மூடிட்டு, "அப்பா, எனக்கு இயற்பியல் வராது, வேற குரூப் மாத்திக்கிறேன்"னா. பகீர்னு ஆயிடுச்சு. நானும் பதினொண்ணாவதோட நின்னவன்தான்.

கணக்கை வாங்கிப் பார்த்தேன். ஆறு மீட்டர் மரம், எடை 30 கிலோ. ஒரு முனையில 30 கிலோ பாரம். அந்த முனையிலேர்ந்து 3.2 மீட்டர்ல தாங்கல். 51 கிலோ ஆள் மறுபக்கம் எங்க நின்னா மரம் சமமா நிக்கும்? அட, இது ஏத்தம்!

எங்க கோட்டக்குப்பத்துக் கழனியில இப்போ மோட்டார். நான் சின்னப் பையனா இருந்தப்போ ஏத்தம்தான். பார்க்காதவங்களுக்காக: நட்ட கால் மேல சீசா மாதிரி கிடக்கிற மரம் துலா. அதோட முனையில கழி, கழியில சால். தாத்தா துலா மேல முன்னால நடந்தா சால் கிணத்துக்குள்ள இறங்கும். பின்னால நடந்தா தண்ணியோட ஏறும். கீழே ஒருத்தர் கழியைப் பிடிச்சு சாலைக் கவிழ்ப்பார். எனக்குப் பார்க்கவே கால் கூசும்.

பாப்பா 30-ஐ 3.2-ஆல பெருக்கி, வந்த 96-ஐ 51-ஆல வகுத்து, 1.88 மீட்டர்னு போட்டிருந்தா. புத்தகத்துல விடை 2.

"துலாவுக்கு எடை இல்லியா?"ன்னேன்.

சீரான மரத்தோட எடை முழுக்க அதன் நடுவுல இருக்கிறதா வெச்சுக்கணும். நடு 3 மீட்டர்ல, தாங்கலுக்கு 0.2 மீட்டர் சால் பக்கம். முப்பது கிலோவுக்கு அது 6. ஆக 102. ஐம்பத்தொண்ணால வகுத்தா சரியா 2. (9.8 ரெண்டு பக்கமும் வர்றதால அடிபட்டுப் போயிடும்.)

"ஏத்தக்கால் மேல தள்ளுதே, அந்த விசை எங்கப்பா?"

நல்ல கேள்வி. தாங்கல்லேர்ந்துதானே தூரத்தை அளக்கிறோம்? அதுக்குத் தூரம் சைபர், திருப்பு விசையும் சைபர். தெரியாத விசை எங்க இருக்கோ அங்கேயே நின்னு அளந்தா அது கணக்கை விட்டுப் போயிடும். பிறகு தனியா கூட்டிக்கலாம்: 30, 30, 51. கால் தாங்குறது 111 கிலோ பாரம்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "அப்போ தாத்தா 1.88-லயே நின்னிருந்தா?"

"சால் மேல வந்திருக்காது."

குரூப் பேச்சு அதுக்கப்புறம் வரல. அடுத்த கணக்கு சுவத்துல சாய்ஞ்ச ஏணி. காலையில மாட்டுக் கொட்டாயிலேர்ந்து ஏணியை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா.