செம்பனைக் காட்டிலிருந்து செர்டாங் வரை



கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுக்கு முன் அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டப்புறத்து மக்களாகிய நாம் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதன் அருகில்தான் தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை இருந்தாலும் அந்த மண் புகழ் பெற்றது செம்பனையால். 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை, இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அங்கேதான். இன்று நாடெங்கும் ஐம்பது இலட்சம் ஹெக்டருக்கும் மேல் செம்பனை நிற்கிறது என்றால், அதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்ட இடம் அது.

அந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். அங்கிருந்து செர்டாங் வரை, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு உங்களை அழைத்துப் போகப் போகிறேன். கோயில் குளம் பார்க்கப் போன பயணமல்ல. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் சாகக் கிடந்த ஒரு பூனையோடு போன பயணம். "பூனைக்காகவா இவ்வளவு தூரம்?" என்று சிரிக்காமல் கூடவே வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்படியிலும் ஒன்று படுத்திருக்கலாம்.

எலியும் பூனையும் கூகையும்

முதலில் எங்கள் காட்டைப் பாருங்கள். பால்மரம் இருந்த காலத்தில் இத்தனை எலிகள் இல்லை என்பார்கள் பெரியவர்கள். செம்பனை வந்த பிறகு எலிகளுக்குக் கொண்டாட்டம். குலையில் பழுத்த பழமும் கீழே சிதறிக் கிடக்கும் உதிரிப் பழமும் அவற்றுக்குத் தினமும் விருந்து. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல்களே அவற்றின் வீடு.

எலியை ஒழிக்கத் தோட்டங்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மரத்தடியில் வைக்கும் மருந்துக் கட்டி. மற்றொன்று கூகை. காட்டுக்குள் கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகை குடியிருக்கும் வீடு. இரவில் அதன் அலறலைக் கேட்டு "சாக்குருவி கத்துது" என்று கதவைச் சாத்திக்கொள்வோம். உண்மையில் ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று நமக்கு உதவி செய்கிறது.

இவர்களோடு மூன்றாவது வேட்டைக்காரர் நம் லயத்துப் பூனை. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. மருந்து தின்று தள்ளாடும் எலி எளிதில் அகப்படும் என்பதால் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சிட்டு படுத்துக்கொண்டது

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். பிள்ளைகள் ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டாலும் போகமாட்டார். லயத்தில் பாதி வீடுகள் காலி. மீதியில் பல, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. பொழுது சாய்ந்தால் பாட்டி பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் சிட்டு என்ற சாம்பல் நிறப் பூனைதான். "சிட்டு, இன்னைக்கு மழை வரும் போல" என்பார். அது வாலை ஆட்டும். அந்த உரையாடல் போதும் அவருக்கு.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை சிட்டு சாப்பிடவில்லை. கெம்போங் மீன் தலையை வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. "வெயில் சூடு, சரியாப் போயிடும்" என்றார்கள் சிலர். மறுநாள் காலை மூக்கோரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. பாட்டி தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது.

"டீச்சரம்மா, இது பொழைச்சுக்குமா?" என்று கேட்டார். சிட்டைப் பற்றி மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு வங்காளதேசத்துத் தம்பி எட்டிப் பார்த்தார். காட்டில் மருந்து வைக்கும் வேலை செய்பவர். நிலைமையைப் பார்த்ததும் ஓடிப்போய்க் காலி மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இந்த வாரம் இதுதான் வைத்தோம்" என்று மலாயில் சொன்னார். அந்தப் பொட்டலம் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

விஷம் செய்யும் வேலை

வார்ஃபரின், பிரோடிஃபாகூம் என்ற பெயர்கொண்ட எலிமருந்துகள் உடனே கொல்வதில்லை. இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்துகள் அந்த வைட்டமினை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகின்றன. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு இரண்டு மூன்று நாள்களுக்குத் தாங்கும். அது தீர்ந்த பிறகுதான் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். ஆகவே திங்களன்று தின்ற விஷம் வெள்ளியன்றுதான் முகத்தைக் காட்டும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று நாம் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

பூனை தன் நோவை மறைக்கும் பிராணி. நாயைப் போல முனகிக்கொண்டு நம் காலடிக்கு வராது. ஒதுங்கி, ஒடுங்கி, அமைதியாக இருக்கும். அந்த அமைதியை ஓய்வு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

வண்டி புறப்பட்டது

பட்டணத்துக் கால்நடை மருத்துவர் அன்று இருந்தார். பொட்டலத்திலிருந்த பெயரைப் படித்ததும் தாமதிக்காமல் வைட்டமின் கே ஊசி போட்டார். "ஊசி வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். அதுவரை தாங்க இதற்கு இரத்தம் போதாது. இரத்தம் ஏற்ற வேண்டும். செர்டாங் கொண்டுபோங்கள்" என்றார். முன்கூட்டியே தொலைபேசியில் பேசியும் வைத்தார்.

கிராணியார் மகன் வேன் எடுத்தார். பாட்டி முன் இருக்கையில் அமர்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். ஈஜோக் வரை லாரிகள் நிறைந்த பழைய சாலை. அங்கே லாதார் நெடுஞ்சாலையில் ஏறினோம். 2011-இல் அது திறக்கப்படுவதற்கு முன், இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் சிறு பட்டணங்களையெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். செம்பனை குறைந்து குறைந்து, வீடமைப்புப் பகுதிகள் வந்தன. பிறகு கோலாலம்பூரின் ஓரம், உயரமான கட்டடங்கள். பாட்டி எதையும் பார்க்கவில்லை. கூடையின் ஓட்டை வழியே ஒரு விரலை விட்டு சிட்டின் தலையைத் தொட்டபடியே வந்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை.

செர்டாங்

செர்டாங் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தால் பட்டணத்து இரைச்சல் குறைந்துவிடுகிறது. மரங்கள், புல்வெளிகள், மாட்டுப் பண்ணை. 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1971-இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாயிற்று. 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. இந்நாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நாடிப் போகும் இடம். அதன் விலங்கு மருத்துவமனையில் மாணவர்களும் மருத்துவர்களோடு நின்று கற்கிறார்கள். தோட்டத்துப் பெற்றோரே, ஆடு மாடுகளோடு வளரும் நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

காத்திருக்கும் இடத்தில் சீனக் குடும்பம் ஒன்று முயலோடு அமர்ந்திருந்தது. முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண், துணியில் சுற்றிய பூனையை மார்போடு அணைத்திருந்தார். பாட்டியைப் பார்த்து "சாக்கிட் அப்பா, நேனே?" என்று கேட்டார். என்ன நோய் பாட்டி என்று கேட்ட அந்தக் குரலில் பாட்டியின் கண் கலங்கியது. தோட்டத்தில் கேலி செய்யப்பட்ட கவலை, அங்கே எல்லார் முகத்திலும் இருந்தது.

பூனைக்கும் இரத்த வகை உண்டு என்பது அன்று நான் கற்ற பாடம். ஏ, பி, ஏபி என்று மூன்று. பெரும்பாலான பூனைகள் ஏ வகை. மாற்றி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே சோதித்த பிறகே ஏற்றுவார்கள். மற்றொரு பூனையிடமிருந்து எடுத்த இரத்தம்தான் சிட்டுக்கு ஏறியது.

அதற்கு முன் மருத்துவர் அம்மா எங்களை உட்கார வைத்து, செலவு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்றும், இரத்தம் ஏற்றினாலும் பிழைக்காமல் போகலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். மிகவும் துன்பப்பட்டால் வலியில்லாமல் கண்மூட வைக்கும் ஊசி உண்டு என்பதையும் சொன்னார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பொழைக்க வழி இருந்தா பாருங்க. வழி இல்லேன்னா துடிக்க மட்டும் விடாதீங்க" என்றார்.

வாசகர்களே, எத்தனையோ படித்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, நம் ஆசை எதுவரை, அந்த உயிரின் நலம் எதிலிருந்து என்று கோடு கிழித்துவிட்டார்.

முந்தானையிலிருந்து பால்டின் ஒன்றை எடுத்தார். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். போதவில்லை. மீதியை லயத்துக்காரர்கள் போட்டார்கள். "வெயில் சூடு" என்று சொன்னவர்களும் போட்டார்கள்.

காத்திருந்த மூன்று இரவுகள்

சிட்டு மூன்று இரவுகள் அங்கேயே இருந்தது. பாட்டி அடுப்பு மூட்டவில்லை. "பூனைக்காகப் பட்டினியா?" என்று கேட்பதில் பயனில்லை. என் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் மாலையில் போய் அவரோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பாட்டி அவர்களுக்காகத் தேநீர் கலக்கினார், அந்தச் சாக்கில் தாமும் குடித்தார். "சிட்டு செத்துடுமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டபோது, "சாகலாம், பிழைக்கவும் செய்யலாம், டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றே சொன்னேன். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள்.

நான்காம் நாள் சிட்டு வீட்டுக்கு வந்தது. வந்ததோடு முடியவில்லை. நான்கு வாரங்கள் வைட்டமின் கே மாத்திரை, நாள் தவறாமல் சாப்பாட்டோடு. பூனை நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் இரத்தக் கசிவு திரும்ப வரும், ஏனென்றால் சிலவகை மருந்துகள் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கும். கடைசி மாத்திரைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி இரத்தம் சோதித்து, உறைகிறது என்று உறுதி செய்தார்கள். தோட்ட நிர்வாகத்திடம் பேசியதில், லயத்தை ஒட்டிய வரிசைகளில் கட்டி வைப்பதை நிறுத்தி, கூகைப் பெட்டி இரண்டு நட்டார்கள்.

நினைவில் வையுங்கள்

பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒதுங்கினால் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி ஒன்றும் வராமல் தவித்தால் அதுவும் அவசரம்தான். மறுநாள் என்று தள்ள வேண்டாம்.

பனடோல் கொடுக்காதீர்கள். நம் தலைவலியைப் போக்கும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம்.

கடையில் எலிமருந்து வாங்கினால் அதன் பொட்டலத்தை எறியாமல் வையுங்கள். தோட்டத்தில் மருந்து வைக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வாரம் பூனையைக் கூடியவரை வீட்டிலேயே வயிறார வைத்திருங்கள். வேண்டுமென்றே பூனைக்கு விஷம் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்குத் தண்டனை குறைந்தது 20,000 வெள்ளி, கூடினால் 100,000 வெள்ளி அபராதம். மூன்றாண்டுவரை சிறையும் உண்டு.

பக்கத்துப் பட்டணத்துக் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை இன்றே நாள்காட்டி ஓரத்தில் எழுதி வையுங்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மனிதருக்கே வைத்தியம் எட்டாத தூரத்தில் இருந்தது. பிராணி செத்தால் செம்பனை மரத்தடியில் குழி தோண்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு அன்பு இல்லாமலில்லை, வழி இல்லை. இன்று சாலை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. எல்லா உயிரும் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நேரத்தோடு புறப்பட்டால், பிழைக்க வேண்டியது பிழைக்கும். பிழைக்க முடியாதது வலியில்லாமல் போகும். இரண்டுமே நாம் அதற்குச் செய்யக்கூடிய நன்மைதான்.