தூண்களின் நிழலில்

உரோமாபுரி செல்லும் திருப்பயணிகள், புனித இராயப்பர் சதுக்கத்தை இருபுறமும் அணைத்து நிற்கும் தூண் வரிசையைக் கண்டு வியப்பர். திருச்சபைத் தாயின் விரிந்த கரங்களாக அதனைக் கருதிய பெர்னினி என்னும் சிற்பி, 1656இல் பணியைத் தொடங்கினார். இருள் சூழ்ந்ததும் அக்கரங்களுக்குள் அட்டையும் போர்வையும் விரித்துப் படுப்போர், வீடற்ற ஏழைகள்.

திருத்தந்தையின் தர்ம காரியங்களைக் கவனித்துவந்த பேராயர் கிராயெவ்ஸ்கி, அத்தகையோருள் ஒருவரை உணவுக்கு அழைத்தார். தம் உடல் நாறுகிறதென்று அம்மனிதர் மறுத்தார். பசியினும் கொடியதன்றோ இந்நாணம்! அதன் பயனாக 2015இல் தூண்களின் அருகே குளியலறைகளும் முடிதிருத்தும் இடமும் அமைந்தன. தூண் வரிசையை ஒட்டி, கன்னியர் காலிசெய்த பலாசோ மில்யோரி என்னும் மாளிகை உண்டு. அதனைச் சொகுசு விடுதியாக்கிப் பொருளீட்டும் யோசனையைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்கவில்லை. 2019இல் அது ஏறத்தாழ 50 ஏழைகள் உறங்கும் இல்லமாயிற்று.

ஆயினும், ஒரு மாநகரின் துயருக்கு 50 படுக்கைகள் எம்மட்டு? குளியலும் படுக்கையும் ஓர் இரவைக் கடத்தும். சொந்தச் சாவியுள்ள வீடே வாழ்வைத் திருப்பித் தரும். அதனை வழங்குவது அரசின் கடமை. வலியுறுத்திக் கேட்பது நம் கடமை. கேட்குமுன், நம் பங்குகளில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களின் கதவுகளை நாமே திறப்போமாக.