தூளிக்குள் தெரியாத பாப்பா

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தால் சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமனுக்குச் சும்மா இருக்க முடியுமா? சீரோடு சேர்த்து ஒரு பேபி மானிட்டரும் வாங்கி வருவதாக மதுரைக்குப் போன் போட்டார். கேமரா வைத்ததா, வைஃபையில் ஓடுவதா, மெத்தைக்கு அடியில் வைத்து மூச்சைக் கவனிப்பதா? வில்லாபுரம் வீட்டில் மூன்று நாளாக இதே பேச்சு!

இந்தச் சாதனம் பிறந்ததே பயத்தில்தான். 1932-ல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பர்க்கின் 20 மாதக் குழந்தையை வீட்டுக்குள் புகுந்து கடத்திப் போய்விட்டார்கள். பிறகு பிணமாகத்தான் கிடைத்தது. அந்தப் பயம் விலகாத நாளில், ஜெனித் ரேடியோ கம்பெனித் தலைவர் மெக்டொனால்ட் தன் மகளுக்காக யோசித்ததில் 1937-ல் 'ரேடியோ நர்ஸ்' வந்தது. வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. வீட்டுக் கரண்ட் கம்பி வழியாகவே சத்தம் போகும். ஆனால் அது குழந்தை தனி அறையில், தனிக் கட்டிலில் தூங்கும் ஊருக்குச் செய்த பொருள்.

வில்லாபுரத்துப் பாப்பா பகலில் தூங்குவது அப்பத்தாவின் பழைய நூல் சேலைத் தூளியில். கேமராவை எந்தச் சுவரில் மாட்டினாலும் தெரிவது சேலைப் பூ மட்டும்தான். தூளி ஆடும்போதெல்லாம் 'அசைவு, அசைவு' என்று போன் மணியடிக்கும். மூச்சு பார்க்கும் சென்ஸாருக்கு மேலே சமமான மெத்தை வேண்டும், தூளியில் ஏது? (தூளியில் கழுத்து மடங்கும், சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்பத்தா காதில் அது ஏறவில்லை. ராத்திரிக்கு மட்டும் பாய் என்று உடன்பாடு.) அப்படியே கட்டில் வாங்கினாலும், தூக்கத்தில் வரும் திடீர் மரணத்தைத் தடுக்க இந்த மூச்சுச் சாதனங்களை நம்ப வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்.

அப்புறம் தூரம். அட்டைப் பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும். 300 மீட்டர் என்றால் ஏறக்குறைய வண்டியூர் தெப்பக்குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை. அதுவும் நடுவில் மைய மண்டபம் கூட இல்லாத வெட்டவெளிக் கணக்கு! செங்கல் சுவர் இரண்டும் கான்கிரீட் தளம் ஒன்றும் குறுக்கே வந்தால் அதில் எத்தனை மிஞ்சும் என்று மொட்டை மாடியில் நின்று பார்த்தால்தான் தெரியும். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் போகும், அதை நம்பிய கேமராவும் போகும். பேட்டரியில் ஓடும் செட் என்றால் கவலையில்லை. சில கேமராக்கள் விலை குறைவு, ஆனால் பதிவைச் சேமிக்க மாதாமாதம் சந்தா. சிங்கப்பூர் பிளக் இங்கே சேராது, வாரண்டியும் இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிஜமான சண்டை இதற்கெல்லாம் வெளியே இருந்தது. 26 வார லீவு முடிந்து மருமகள் ஆபீஸ் போக வேண்டும். அங்கிருந்து போனில் பார்க்கலாமே என்பதுதான் அவள் ஆசை.

"பாப்பாவத்தான அத்தை பாக்கப் போறேன்."

"பாப்பாவத் தூக்குறது யாரு? அப்ப என்னயவுந்தானம்மா பாப்ப?"

மருமகள் பேசவில்லை. ஆறு மாதப் பிள்ளையை விட்டுப் போகிறவளின் தவிப்பும் பொய் இல்லை, அடுப்படியிலும் கேமரா இருக்குமோ என்ற மாமியாரின் கூச்சமும் பொய் இல்லை. 2013-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் யாரோ ஒருவன் இணையம் வழியாக ஒரு வீட்டுக் கேமராவுக்குள் புகுந்து, தூங்கும் குழந்தையைக் கெட்ட வார்த்தையில் திட்டிய செய்தியை மாமாதான் எடுத்துச் சொன்னார். அதோடு கேமரா பேச்சு நின்றது. மத்தியானம் இரண்டு தடவை போன் பண்ணிக்கொள்வதாக முடிவு.

கடைசியில் வந்தது சத்தம் மட்டும் கேட்கும் செட். இணையம் வேண்டாம், பேட்டரி உண்டு. பிள்ளை கைக்கு ஒயர் எட்டாதபடி தூளியிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி, அலமாரி மேல் வைத்தார்கள்.

முதல் நாள் சோதனைக்காக மருமகள் பெட்டியோடு மாடிக்குப் போய்த் துணி எடுத்தாள். சத்தம் நன்றாகவே வந்தது. பாப்பா அழவில்லை. அப்பத்தாதான் தூளியை ஆட்டிக்கொண்டே, அவன் அம்மா வைத்த ரசத்தைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார் :)