முயலுக்கு லங்கணம் ஆகாது

வயிறு சரியில்லை என்றால் ஒரு வேளை பட்டினி போடு என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம். முயலுக்கு அது ஆகாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

போன மார்கழியில் பேத்தியின் முயல் காலையில் கீரையைத் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. சாயங்காலம் பார்க்கலாம் என்றாள் மனைவி. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் கிடந்தாலே முயலுக்கு ஆபத்து. துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். குடல் அசைவு நின்றுவிட்டது என்றார், ஊசி போட்டார். புல்தூள் கூழை சிரிஞ்சில் ஊட்டக் கற்றுக்கொடுத்தார்.

மறுநாள் விடியலில் நாலு புழுக்கை! பேத்தி துள்ளிக் குதித்தாள்.

முயல் பொதுவாகக் கத்தாது; நோயை மறைத்துக்கொள்ளும். தினமும் புழுக்கையைப் பாருங்கள். நம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் அதன் உயிரையே வாங்கிவிடும்.