ஒளுத் தண்ணீரில் பதிந்த பாதம்



புளியங்குடியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், பிள்ளைகள் ஒளுச் செய்துவிட்டு வரும்போது தரையில் ஈரத் தடங்கள் பதியும். பெரும்பாலான தடங்கள் நடுவில், உட்புறம் வளைந்திருக்கும். ஏழு வயது மாணவன் ஒருவனின் தடம் மட்டும் வளைவே இல்லாமல் முழுமையாகப் பதிந்திருந்தது. நாம் அவனுடைய அத்தாவை அழைத்து, "பிள்ளைக்குப் பாதம் தட்டையாக இருக்கிறது, கவனியுங்கள்" என்றோம். நல்லது செய்வதாகவே எண்ணினோம்.

எலுமிச்சை மண்டியில் கூலி வேலை செய்யும் அவர், இரண்டு வாரம் கழித்து வாடிய முகத்துடன் வந்தார். "ஹஜ்ரத், ஆபரேஷன் செய்யாவிட்டால் பின்னால் நடக்கவே சிரமப்படுவான் என்று சொல்கிறார்கள். வீட்டிலுள்ள நகையை விற்றுவிடலாம் என்றிருக்கிறோம்" என்றார்.

"பிள்ளைக்கு வலி உண்டா?" என்று கேட்டோம். "இல்லையே, அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பந்து விளையாடுகிறானே" என்றார். நமக்கு உறுத்தியது. அறியாததை அறிந்தோரிடம் கேட்குமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருக்க, நாமோ கேளாமலே அந்த வீட்டில் ஓர் அச்சத்தை விதைத்துவிட்டோம். ஆகவே, அவர்களுடன் திருநெல்வேலிக்குச் சென்று எலும்பு மருத்துவர் ஒருவரைச் சந்தித்தோம்.

மருத்துவர் பையனை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றான். தட்டையாக இருந்த பாதத்தில் அழகாக வளைவு எழுந்தது! பிறகு அவன் தரையில் நிற்கையில் பெருவிரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார். அப்போதும் வளைவு தெரிந்தது. "இது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லை, குதிகால் நரம்பும் இறுகவில்லை. இதற்கு அறுவை தேவையில்லை" என்றார். குழந்தைகள் பெரும்பாலும் தட்டைப் பாதத்துடனேயே பிறக்கின்றனர் என்றும், ஏறத்தாழ பத்து வயதுக்குள் பலருக்கும் வளைவு தானாக அமைந்துவிடும் என்றும் விளக்கினார்.

நாம் கண்டதைப் போன்ற பாதத் தடங்களை வைத்தே நம் நாட்டில் ஓர் ஆய்வும் நடந்திருக்கிறது. மணிப்பால் மருத்துவர்களான ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டனர். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடமே அது மிகுதி. 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றோ, தனிவகை ஷூவும் உள்ளட்டையும் சிறு பிள்ளைகளின் பாத வளைவை மாற்றவில்லை என்று கண்டது. ஆக, வலியற்ற பிள்ளைக்கு விலையுயர்ந்த ஷூவும் அவசியமன்று.

அப்படியானால் அறுவை யாருக்கு? பாதத்தில் வலி நீடித்து, குதிகால் நரம்பை நீட்டும் பயிற்சியும் உள்ளட்டையும் பலன் தராமல், நடப்பதே துன்பமாகிவிட்ட பெரிய பிள்ளைகளுக்கு. குதிகால் எலும்பை வெட்டி, இடையில் எலும்புத் துண்டை வைத்து நீளமாக்கும் முறை ஒன்று. 1975-இல் எவான்ஸ் என்ற மருத்துவர் எழுதியது. கணுக்காலுக்குக் கீழுள்ள குழியில் சிறு திருகு போன்ற பொருளைப் பொருத்துவது மற்றொன்று. அது உறுத்தினால் மறுபடியும் அறுவை செய்து எடுக்க நேரிடும். தேவையுள்ள பிள்ளைக்கு இவை அல்லாஹ் அருளிய மருந்து. அதைத் தள்ளிப்போடுவது தவக்குல் ஆகாது. ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தாலும், நுனிக்காலில் நின்றும் வளைவு எழாவிட்டாலும், வலி இருந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையில்லாத பிள்ளையின் உடலிலோ கத்தி படவே கூடாது. அவ்வுடல் நம்மிடம் உள்ள அமானிதம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமையின் தராசில் அவை உஹத் மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பலமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நாமே, ஒரு பிள்ளையின் பாதத்தைக் குறையாகப் பார்த்துவிட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

நகை வீட்டிலேயே இருக்கிறது. பையனின் ஈரத் தடம் இன்றும் முழுமையாகத்தான் பதிகிறது. தொழுகைக்கு முதலில் ஓடி வருபவனும் அவன்தான். அல்ஹம்துலில்லாஹ்.