பயம் என் மேல இருக்கு!

"எக்ஸ்டர்னல் எப்படி? சிரிக்கிறாங்களா, முறைக்கிறாங்களா?"

வைவா அன்னிக்கு லேப் வாசல்ல நின்னு, உள்ளே போயிட்டு வந்தவன் சட்டையைப் பிடிச்சு நாம கேட்போமே, அதே கேள்விதான். ஆனா நான் இதைக் கேட்டது அயர்லாந்தின் மேற்குக் கரையில, கடலை ஒட்டி ஓடுற ஒரு பஸ்ஸுக்குள்ள. கேட்டது பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்த 18 வயசுப் பொண்ணு. போன்ல, தோழிகிட்ட.

நான் கால்வே நகரத்துல எம்.எஸ்சி. படிக்கிறேன். குடியிருக்கிறது ஒரு வீட்டு மாடி ரூம். அந்த வீட்டுப் பொண்ணு இவள். பிளஸ் டூ மாதிரி அங்கே 'லீவிங் செர்ட்'னு ஒரு பரீட்சை. அதுல ஐரிஷ் மொழிக்கு எழுத்துத் தேர்வு ஜூன்ல. வாய்மொழித் தேர்வு மட்டும் ரெண்டு மாசம் முன்னாடியே, ஈஸ்டர் லீவோட முதல் வாரத்துல முடிஞ்சுடும். அன்னிக்கு சனிக்கிழமை. சில ஸ்கூல்ல ஆரம்பிச்சாச்சு. இவளுக்கு திங்கட்கிழமை. ராத்திரி பூரா தூக்கமில்லை, காலையில டீ கூட இறங்கலை. "கன்னமாராவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க. ஒரு நாள் அவங்ககூட பேசிட்டு வந்தா போதும். ஊர் பார்க்கணும்னு சொன்னியே, வர்றியா?"னு கேட்டாள். கிளம்பிட்டேன்.

கால்வேயில இருந்து மேற்கே போனா இடது பக்கம் முழுக்க கடல். கடலுக்கு அந்தப் பக்கம் கிளேர் மாவட்டத்து பர்ரன் மலைகள், சாம்பல் பூசின மாதிரி. வலது பக்கம் கல்லும் சதுப்பும். சிமென்ட் இல்லாம, கல் மேல கல்லா அடுக்கி வெச்ச குட்டிக் குட்டிச் சுவர்கள். பெயின்ட் கம்பெனிக்காரன் கண்ணுல படாத ஊர்!

கொஞ்ச தூரத்துல ஒரு விஷயம் கவனிச்சேன். நகரத்துல போர்டு எல்லாம் ஐரிஷ், இங்கிலீஷ்னு ரெண்டு மொழியில இருந்துச்சு. இங்கே ஊர்ப் பேர்ப் பலகையில இங்கிலீஷைக் காணோம். ரோட்டுல பெருசா எழுதியிருந்ததைப் படிச்சா 'கோ மால்'னு வருது. "இங்கே எங்க இருக்கு மால்?"னு கேட்டேன். அன்னிக்கு அவ முதல் தடவையா சிரிச்சாள். அதுக்கு 'மெதுவாப் போ'னு அர்த்தமாம். இதுதான் கேல்டாக்ட். ஐரிஷை வீட்டு மொழியா பேசுற பகுதிகளுக்கு அரசாங்கம் வெச்ச பேர்.

அந்த மொழியோட கதை கொஞ்சம் சொல்லணும். அயர்லாந்து அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022 சென்சஸ்ல 'எனக்கு ஐரிஷ் பேசத் தெரியும்'னு டிக் அடிச்சவங்க சுமார் 18.7 லட்சம் பேர். ஸ்கூல் வகுப்பை விட்டு வெளியே, தினமும் பேசுறவங்க? சுமார் 72 ஆயிரம்! நாலஞ்சு வயசுல ஆரம்பிச்சு ஸ்கூல் முடியிற வரைக்கும் எல்லாரும் படிக்கிறாங்க. ஆனா பெரும்பாலானவங்களுக்கு வகுப்புக்கு வெளியே பேச ஆள் இல்லை. "டீச்சர், பாத்ரூம் போகலாமா?"ங்கிற வாக்கியத்தை மட்டும் சாகுற வரைக்கும் யாரும் மறக்க மாட்டாங்கன்னு அவங்களே கிண்டல் பண்ணிக்கிறாங்க. 13 வருஷம் நோட்டுக்குள்ள தூங்கின மொழி, ஒரே ஒரு நாள், கால் மணி நேரத்துல வாய் வழியா வந்தாகணும். டென்ஷன் ஆகாம என்ன செய்யும்?

மார்க்கும் சின்ன மார்க் இல்லை. மொத்தம் 600-ல 240 இந்தக் கால் மணி நேரத்துக்கு. அதாவது 40 சதவிகிதம். முன்னாடி 25 சதவிகிதம்தான் இருந்துச்சு, 2012-ல இருந்து ஏத்திட்டாங்க. 'பசங்க எழுதிக் குவிக்கட்டும்ங்கிறது போதும், பேசட்டும்'ங்கிறது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனா நம்ம பசங்க மாதிரிதானே அங்கேயும்! பேச்சுக்கும் நோட்ஸ் வந்துடுச்சு. 'என் ஊர்', 'என் ஸ்கூல்', 'இளைஞர் பிரச்னைகள்', 'வீட்டு வாடகை'னு தலைப்பு தலைப்பா மனப்பாடம். இவ பையில ஹைலைட்டர் அடிச்ச ஒரு கட்டு இருந்துச்சு.

தேர்வு எப்படின்னா... வெளி ஸ்கூல்ல இருந்து வந்த ஒரு ஆசிரியர், நீங்க, நடுவுல ஒரு ரெக்கார்டர். முதல்ல பேர், வயசு, பிறந்த தேதி, முகவரி, தேர்வு எண். சொன்னா 5 மார்க். சொந்தப் பேரைச் சொல்றதுக்கு மார்க் தர்ற தேசம்! அதுலேயும் உளர்றவங்க உண்டாம். அப்புறம் பாடத்துல இருக்கிற ஒரு கவிதையில சில வரிகளைச் சத்தமா வாசிக்கணும், 35 மார்க். அடுத்தது படக்கதை, 80 மார்க். கவிழ்த்து வெச்ச அட்டைகள்ல ஒண்ணை நாமே எடுக்கணும். படம் படமா பார்த்து கதை சொல்லணும். முன்னாடி இந்தப் படக்கதைகள் 20 இருந்துச்சு, கொரோனா காலத்துல பாதியாக்கிட்டாங்க. மிச்சம் 120 மார்க் சும்மா அரட்டைக்கு. அந்தச் 'சும்மா'லதான் எல்லாருக்கும் வயித்தைக் கலக்குது.

இவளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஆரம்பப் பள்ளி டீச்சர் ஆகணும்னு ஆசை. அந்தப் படிப்புல சேர ஐரிஷ்ல உயர்நிலைத் தாள்ல 'ஹெச்-4', அதாவது 60 மார்க்குக்குக் குறையக் கூடாது. மத்த பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கினாலும் இதுல நழுவினா கதவு மூடிடும். அதான் போன்ல அந்த விசாரணை. தோழி ஸ்கூல்ல வந்தவங்க சிரிச்ச முகமாம். "ஆனா எனக்கு வர்றவங்க அவங்க இல்லையே"னு போனை வெச்சுட்டு, மறுபடி அட்டைகளைப் புரட்ட ஆரம்பிச்சாள்.

"பயமா இருக்குன்னு ஐரிஷ்ல எப்படிச் சொல்வீங்க?"னு கேட்டேன்.

"தா அக்லா ஒரம்."

வார்த்தைக்கு வார்த்தை பிரிச்சா, 'பயம் என் மேல இருக்கு'. பசியும் அப்படித்தான், மேல இருக்கும். சோகமும் மேலதான். நாம 'எனக்குப் பயமா இருக்கு'ங்கிறோம், 'நான் பயம்'னு சொல்றதில்லையே. எங்கேயோ இருந்து வந்து நம்மகிட்ட இருக்கிற சமாச்சாரம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஐரிஷ்ல 'யெஸ்', 'நோ' கிடையாது. 'சாப்பிட்டியா?'ன்னா 'சாப்பிட்டேன்'. அவ்வளவுதான். இது எனக்கு ரொம்ப சுலபமா வந்துச்சு. அவளுக்கு கொஞ்சம் பொறாமை!

டி.ஜி.4 டி.வி. ஆபீஸைத் தாண்டி, 1972-ல ஆரம்பிச்ச 'ரேடியோ ந கேல்டாக்டா' இருக்கிற காஸ்லாவையும் தாண்டி, அன் கியஹ்ரூ ரூவாங்கிற ஊர்ல இறங்கினோம். இங்கிலீஷ்ல காரரோ. அந்த அம்மா வாசல்லேயே நின்னாங்க. அறுபது தாண்டின வயசு. இவ 15 வயசுல மூணு வாரம் கோடை முகாமுக்கு வந்தப்ப தங்கினது இவங்க வீட்டுலதான். இப்படி மாணவர்களைத் தங்க வைக்கிற வீட்டம்மாவுக்கு 'பான் அன் டீ'னு பேர். முகாம்ல வெளையாட்டு, பாட்டு, ராத்திரி ஆனா கேய்லி நடனம், எல்லாம் உண்டு. இங்கிலீஷ் மட்டும் கூடாது. மீறினா பெட்டியோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

அவங்க கேட்ட முதல் வாக்கியத்துலேயே பொண்ணு திணறிட்டாள். 'நல்லா இருக்கியா?'ங்கிறதுதான். ஸ்கூல்ல படிச்சது 'கோனஸ் அத்தா தூ'. இவங்க கேட்டது 'கேன் ஹீ வில் தூ'. மன்ஸ்டர்ல ஒண்ணு, கானக்ட்ல ஒண்ணு, அல்ஸ்டர்ல வேற ஒண்ணு. நெல்லைத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் மாதிரின்னு வெச்சுக்குங்க.

சோடா ரொட்டி, வெண்ணெய், கறுப்பா டீ. பையில இருந்து நோட்ஸை எடுத்தாள். அந்த அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அவங்க பாட்டுக்கு என்னைக் காட்டி ஏதோ கேட்டாங்க. இவ முகம் வெளிறிடுச்சு. அப்புறம் சொன்னாள்: "நீ யாரு, எந்த ஊர், என்ன படிக்கிறே, குளிரு ஒத்துக்குதான்னு கேட்கிறாங்க. இது என் நோட்ஸ்ல இல்லை!" வீட்டு வாடகைப் பிரச்னை பத்தி நிறுத்தாம மூணு நிமிஷம் பேசத் தெரிஞ்சவளுக்கு, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆளைப் பத்திச் சொல்ல நாலு வார்த்தை கிடைக்கலை. மெதுவா, தப்பும் தவறுமா ஆரம்பிச்சாள். அந்த அம்மா திருத்தவே இல்லை. கேள்விக்கு மேல கேள்விதான். இந்தியாவுல ஈஸ்டர் உண்டா? அரிசி தினமுமா? இவ என்னைக் கேட்பாள், நான் இங்கிலீஷ்ல சொல்வேன், இவ ஐரிஷ்ல மாத்துவாள். என் புண்ணியத்துல ஒரு மணி நேரம் ஓசி டியூஷன்!

சாயந்திரம் மூணு பேரும் த்ரா அன் டோலின் கடற்கரைக்கு நடந்தோம். மணலே இல்லை. வெள்ளையா பவளத் துண்டு மாதிரி காலடியில நொறுங்குது. எல்லாரும் பவளக் கடற்கரைன்னுதான் சொல்றாங்க. உண்மையில அது சுண்ணாம்பு ஏறின ஒரு வகைக் கடல்பாசியோட துண்டுகள். நான் அதைப் பொறுக்கிக்கிட்டே பின்னாடி வந்தேன். முன்னாடி ரெண்டு பேரும் பேசிட்டே போறாங்க. காத்துல ஒண்ணும் கேட்கலை. கை மட்டும் ஆடுது.

திரும்பி வர்ற பஸ்ல சொன்னாள். "டீச்சர் வேலை கிடைக்கலைன்னா என்ன செய்வேன்னு கேட்டாங்க. பதில் சொல்லி முடிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது, அது முழுக்க மோ கன்யீலாக்." அது என்னன்னா, 'இப்படி நடந்தா அப்படிச் செய்வேன்'ங்கிற வினைவடிவம். அயர்லாந்து மாணவர்களோட ஜென்ம விரோதி. 'லாட்டரி விழுந்தா என்ன பண்ணுவே?'ங்கிற கேள்விக்கு நாட்டுல எல்லாரும் பதில் மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்க. இவ லாட்டரி இல்லாமலே தாண்டிட்டாள். "வினையெல்லாம் சரியா வந்துச்சா?"ன்னேன். "தெரியலை. ஆனா அவங்களுக்குப் புரிஞ்சுது."

இதனால பயம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரியும் மாடிப்படியில அட்டைகளோட உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை அவ அம்மாவுக்கு டூட்டி. ஸ்கூல் வரைக்கும் நான்தான் துணை. வாசல்ல ஒரு பையன் சுவரைப் பார்த்து முணுமுணுத்துட்டு இருந்தான். ஒருத்தி கண்ணை மூடிட்டு, விரல் விட்டு எண்ணிட்டு இருந்தாள். வெளியே வந்தவனைச் சுத்தி ஒரே கூட்டம், "எந்தப் படம்? எந்தப் படம்?"னு. அட்டை ஆளுக்கு ஆள் மாறும், தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் கேட்கத்தான் தோணும், என்ன செய்ய?

உள்ளே போனாள். இருபது நிமிஷம் கழிச்சு வெளியே வந்தப்ப மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை.

"எந்தப் படம் வரக் கூடாதுன்னு இருந்தேனோ, அதுதான் வந்துச்சு" என்றாள். கதையை ஒப்பிச்சுட்டாளாம். பேச்சுல 'வார இறுதியில என்ன பண்ணினே?'ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. பஸ், கடற்கரை, சோடா ரொட்டி, மாடி ரூம்ல இருக்கிற இந்தியப் பையன்... "அவன் என்ன மொழி பேசுவான்னு கேட்டாங்க. ஐரிஷ்ல அதுக்கு என்ன பேர்னு தெரியலை. தமிழ்னே சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அதுல 'யெஸ்', 'நோ' இல்லாமலே பேசுவாங்கன்னு சொன்னேன். அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. நடுவுல ரெண்டு இடத்துல வினை போச்சு. வீட்டு வாடகையைப் பத்திக் கேட்கவே இல்லை. மூணு மாசம் படிச்சேன்!"

மார்க் ஆகஸ்ட்லதான் தெரியும். ஜூன்ல எழுத்துத் தேர்வு வேற பாக்கி. அவளுக்கு அப்போதைக்குப் பசி. சால்ட்ஹில் கடலோரத்துல சிப்ஸ் கடை திறந்திருக்கும்னு சொன்னேன். 'வாங்கிக் கொடுத்தா சாப்பிடுவேன்'னாள், ஐரிஷ்ல. வினையெல்லாம் சரியா இருந்துச்சாம், அவளே சொன்னாள்.